பாட்டுச் சாமியின் வான்

பரந்தன் சந்தியில் பஸ் நின்றால் முன்பெல்லாம் இரண்டு மூன்று பேர் இறங்குவார்கள். அதில் ஒருவர் கிளிநொச்சி என்று நினைத்துத் தவறி இறங்கியவராக இருப்பார். அந்த ஆடி மாதத்தில் மட்டும் பஸ்ஸே காலியானது. நெடுங்கேணியிலிருந்தும், புதுக்குடியிருப்பிலிருந்தும் வந்து இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"பாட்டுச் சாமியின்ர வான் எங்க நிக்குது?"

கேட்கவே தேவையில்லை. காதிருந்தால் போதும். சந்திக்குப் பின்னால் ஒரு வெறுங்காணியில், மருத மரத்துக்குக் கீழே, வெள்ளை வான் ஒன்று பின்கதவைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் ஸ்பீக்கர்களிலிருந்து சிறிது நேரம் முருகன் பாட்டு வரும். பிறகு அம்மன் பாட்டு வரும். ஒரு தடவை யாரோ அவசரத்தில் பொத்தானை மாறி அமத்திவிட, கலியாண வீட்டு ஆட்டப் பாட்டும் வந்தது. அதையும் மக்கள் கைகூப்பியே கேட்டார்கள்.

மற்றச் சாமிமார் கைரேகை பார்ப்பார்கள், வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பார்கள். எங்கள் சாமி காலத்தோடு வளர்ந்தவர். அவர் பாட்டுக் கேட்பார். "உன்ர போனிலை உள்ள பாட்டு உன்ர ஆத்மாவின்ர குரல். அது என்ர வானுக்குள்ள வந்தால் உன்ர வாழ்க்கை முழுக்க எனக்கு வெளிக்கும்" என்பது அவருடைய தத்துவம். மின்கம்பம் தோறும் ஒட்டியிருந்த சுவரொட்டியில் அந்தத் தத்துவமும், அதற்குக் கீழே, தத்துவத்தைவிடப் பெரிய எழுத்தில் பதிவு செய்வதற்கான தொலைபேசி இலக்கமும் இருந்தன.

உள்ளதைச் சொல்ல வேண்டும். சாமி கெட்டிக்காரர்தான். "உனக்கு ஒரு கவலை இருக்கு" என்று சொல்லித் தட்சணை வாங்குகிற ஆளல்ல. (வெயிலில் வரிசையில் நிற்கிறவனுக்குக் கவலை இல்லாமல் இருக்குமா? அதைச் சொல்ல ஒரு சாமி வேண்டுமா?) அவர் பெயர் சொன்னார். கறுப்புக் கண்ணாடியை நான்கு விரல் அளவு இறக்கி, உள்ளேயிருந்து மைக்கில் பேசுவார்.

"சுமித்திரா எண்டு ஒருத்தி. உனக்குத் தங்கச்சி முறை. கடல் தாண்டி இருக்கிறாள். நேற்றும் நீ அவளோட கதைச்சனி."

கேட்ட பெண் அந்த இடத்திலேயே மண்ணில் விழுந்து கும்பிட்டாள். விழாமல் என்ன செய்வாள்? அவள் வாயே திறக்கவில்லை. திறந்தது அவளுடைய போன்தான். ஆனால் அது அப்போது யாருக்கும் தெரியாது.

சடங்கு மிகச் சுலபமானது. காவிச் சால்வை போட்ட கிருபன் என்பவன் சாமியின் உதவியாளன். நல்ல வளர்ந்த மனிதன், மீசைகூட இருந்தது. அவன் வரிசை நெடுக நடந்து சொல்லிக்கொண்டே போவான்.

"போனை வெளியிலை எடுங்கோ. புளூடூத்தைப் போடுங்கோ. சாமியின்ர வானிலையிருந்து ஒரு கேள்வி வரும். வாசிச்சு மினக்கெட வேண்டாம், ஓம் எண்டு அமத்துங்கோ. ரெண்டாவதும் வரும். அதுக்கும் ஓம். சந்தேகப்பட்டு 'இல்லை' எண்டு அமத்தினால் வாக்கு வராது, சொல்லிப்போட்டன்."

எல்லோரும் ஓம் என்று அமத்தினார்கள். கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது. என்ன கேட்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு அவரவர் குலதெய்வத்தின் பாட்டைப் போட, அது வானின் ஸ்பீக்கரில் முழங்கும்.

காலையில் சாமி வானை இயக்கும்போது இன்னொரு அற்புதமும் நடக்கும். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், யாருக்கும் விளங்காத மொழியில், மிக மரியாதையாக ஏதோ சொல்லும். "தேவபாசை" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

திரும்பிப் போகிறவர்களுக்கு மந்திரம் ஏற்றிய பென் ட்ரைவ் விற்கப்பட்டது. கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் கட்ட வேண்டும். கம்பியூட்டரையே தொட்டறியாதவர்கள் கட்டினார்கள். வயல் உழுகிறவர்கள் கட்டினார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கும் இராசேஸ்வரி தனக்கு ஒன்று கட்டி, வாசல் படலைக்கு ஒன்று கட்டி, பால் குறைந்துபோன பசுமாட்டுக்கும் ஒன்று கட்டினாள். மாடு அதைச் சப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அந்த ஊரில் முதன்முதலாகச் சந்தேகப்பட்டது அந்த மாடுதான்.

இரண்டாவது ஆள் புனிதம்.

புனிதம் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். புருசன் கிறகோரி கடலுக்குப் போவான். அவன் கொண்டுவருகிற மீனை ஐஸ் பெட்டியில் போட்டு, தன்னுடைய சின்ன பட்டா லொறியைத் தானே ஓட்டிக்கொண்டு பரந்தனின் ஒடுக்கமான தெரு ஒழுங்கைகளுக்கு அவள் வருவாள். இராசேஸ்வரி அவளுக்கு முதல் வாடிக்கை. மீன் வாங்குவது கொஞ்ச நேரம், கதை நெடுநேரம். இராசேஸ்வரியின் மகள் தேனுகாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற விசயம் தாய்க்கு அடுத்தபடியாகப் புனிதத்துக்குத்தான் தெரியும்.

ஒருநாள் படலை திறக்கவில்லை.

"அக்கா, பாரை வந்திருக்கு. கண்ணைப் பாருங்கோ, இன்னும் முழிச்சுக்கொண்டு கிடக்கு."

"எனக்கு ஒண்டும் வேண்டாம்."

"இண்டைக்கு வெள்ளியும் இல்லையே?"

"புனிதம், இனி இந்தப் பக்கம் வராத. மாடு பால் மறுக்குது. தேனுகாவின்ர கலியாணப் பேச்சு குழம்பிப்போச்சு. எல்லாம் ஆராலை எண்டு சாமி சொல்லிப்போட்டார்."

"ஆராலை?"

இராசேஸ்வரி மாட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "மீன் வியாபாரம். 'பு'விலை தொடங்கிற பேர். ஒவ்வொரு நாளும் விடியப்புறம் என்ர காதுக்குள்ள வந்து கதைக்கிறவளாம்."

"விடியப்புறம் எடுக்கிறன்தான். 'அக்கா, சூடை வேணுமோ, விளை மீன் வேணுமோ' எண்டு கேக்கிறன். அது செய்வினையோ அக்கா?"

"அப்ப அது சாமிக்கு என்னண்டு தெரியும்? நான் சொல்லேல்லை. என்ர பிள்ளையாணை நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை!"

புனிதம் ஐஸ் பெட்டியை மூடினாள். சண்டைக்குப் பதில் சொல்லலாம். ஆனால் அந்தக் கேள்வி அவளோடு லொறியில் ஏறிக்கொண்டது. சாமிக்கு என்னண்டு தெரியும்?

கதை ஒழுங்கைக்கு ஒழுங்கை அவளுடைய லொறியைவிட வேகமாக ஓடியது. அடுத்தடுத்த படலைகளும் சாத்தப்பட்டன. பிரியந்தினி என்கிற பெண், லொறியைக் கண்டதும் கொடியில் காய்ந்த பிள்ளையின் சட்டையை அவசரமாக அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மீன் விற்காவிட்டால் கருவாடு போடலாம். செய்வினைக்காரி என்ற பெயர் விழுந்தால் அதை என்ன செய்வது? ஒரு மீன்காரிக்கு அந்தப் பெயர் வந்த பிறகு எந்த வீட்டுச் சட்டியிலும் அவளுடைய மீன் வேகாது.

"அவன்ர வானுக்கு ரயர் ரெண்டைக் குத்திவிடட்டோ?" என்று கிறகோரி கேட்டான்.

"சும்மா இருங்கோ. ரயர் போனா அதுக்கும் என்ர செய்வினைதான் எண்டுவினம்."

அவள் தானே வரிசையில் போய் நின்றாள். சாமிக்கு வேண்டியது பாட்டுத்தானே? லொறி ஓட்டும்போது அவள் கேட்கிற பாட்டெல்லாம் அதில் செருகியிருந்த பென் ட்ரைவில் இருந்தன. அதைக் கழற்றிக்கொண்டு போனாள். கிருபன் முகத்தைச் சுளித்தான்.

"போன் இல்லையோ?"

"போன் மீன் வெடுக்கு மணக்குது. இதிலை மாதா பாட்டு இருக்கு, போடுங்கோ."

மாதா பாட்டு முழங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் நீண்ட அமைதி.

"உனக்கு... ஒரு கவலை இருக்கு."

"ஓம் சாமி."

"அது வீட்டைப் பற்றினது."

"இல்லை."

"அப்ப வெளியைப் பற்றினது."

"பேர் சொல்லுங்கோ சாமி. மற்றாக்களுக்குச் சொல்லுறியளே."

மைக் கொஞ்சம் கரகரத்தது. "பென் ட்ரைவிலை ஆத்மா மெல்லமாத்தான் பேசும். அடுத்தமுறை போனோட வா."

புனிதம் வீட்டுக்குப் போகவில்லை. மரத்துக்குக் கீழே இருந்து பார்த்தாள். கரையில் வலை தட்டினால் மீனை இனம் இனமாகப் பிரித்துப் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவள் வருகிறவர்களையும் மனதுக்குள் பிரித்துப் போட்டாள். சாமியின் வாயால் பெயர் கேட்டவர்கள் ஒரு பக்கம். 'கவலை' மட்டும் கேட்டவர்கள் மற்றப் பக்கம்.

நேசமலர் போனில் பிள்ளையார் பாட்டுப் போட்டாள். மாமியாரின் பெயரே வந்தது. மூக்கன் என்கிற கிழவர் பென் ட்ரைவில் அதே பிள்ளையார் பாட்டைத்தான் கொண்டுவந்தார். அவருக்கு "ஒரு கவலை". புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒரு வேதக்காரப் பெண் போனில் மாதா பாட்டுப் போட்டாள். அண்ணன்மார் எல்லோருடைய பெயரும் வரிசையாக வந்தன.

பொழுது சாயும்போது பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கப் போன். மற்றப் பக்கம் முழுக்கப் பென் ட்ரைவ். பாட்டு ஒன்றுதான், தெய்வம் எதுவானாலும் வித்தியாசம் இல்லை. ஆத்மாவின் குரல் பாட்டில் இருக்கிறதென்றால், அதே பாட்டுப் பென் ட்ரைவிலிருந்து வரும்போது அந்த ஆத்மா எங்கே போகிறது?

அவளுடைய தம்பி வின்சன் கிளிநொச்சியில் ஹயருக்குக் கார் ஓட்டுகிறவன். புனிதம் நேரே அவனிடம் போனாள்.

"தம்பி, உன்ர காரிலை என்ர போன் பாட்டைப் போட்டுக் காட்டு."

அவன் சாவியைத் திருகியதும் அதே பெண்குரல், அதே தேவபாசை. புனிதத்தின் கை பாதிவரை நெற்றிக்குப் போய்விட்டது. வின்சன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஜப்பானிலையிருந்து வந்த காரக்கா. அங்க பெரிய றோட்டுக்குக் காசு கட்ட ஒரு அட்டை இருக்காம். அந்த அட்டையைப் போடேல்லை எண்டு மனிசி சொல்லுது."

"அப்ப பரந்தனிலை சனம் கும்பிடுறது...?"

"அட்டை போடேல்லை எண்ட முறைப்பாட்டை."

போனில் அதே கேள்வி வந்தது. பரந்தனில் கண்டவர்களைப் போலவே ஓம் என்று அமத்தப் போனவள் கையை நிறுத்தினாள். "இது என்ன கேக்குது?"

"முதல் கேள்வி, 'இந்தக் காரோட சேரட்டோ' எண்டு. ரெண்டாவது, 'உங்கட போனிலை உள்ள பேருகளையும், ஆரோட கதைச்சியள் எண்டதையும் காருக்குக் குடுக்கட்டோ' எண்டு."

"பாட்டுக்கு அது என்னத்துக்கு?"

"பாட்டுக்குத் தேவையே இல்லை. அதுக்கு 'இல்லை' எண்டு அமத்தினாலும் பாட்டுப் பாடும்."

புனிதம் இரண்டுக்கும் ஓம் என்று அமத்தினாள். பாட்டு வந்தது. வின்சன் திரையில் தொலைபேசிப் படத்தைத் தொட்டான். அவள் போனில் சேமித்து வைத்திருந்த ஊரும் உறவும் ஒரு பெயர் விடாமல் வரிசையாக வந்து நின்றன. யாரோடு எப்போது பேசினாள் என்பதும் வந்தது.

வின்சனின் சிரிப்பு நின்றது. "அக்கா, என்னை 'வின்சன் கஞ்சன்' எண்டோ போட்டு வச்சிருக்கிறியள்?"

"முல்லைத்தீவிலை எத்தினை வின்சன். அடையாளத்துக்கு வேணுமெல்லோ?"

இதில் மாயம் ஒன்றும் இல்லை. இன்னும் சொன்னால், இது மிக நல்ல ஏற்பாடு. கார் ஓட்டும்போது அழைப்பு வந்தால், ஓட்டுகிறவர் போனைத் தேடிக் குனியக் கூடாது. யார் அழைக்கிறார் என்று கார்த் திரையே காட்ட வேண்டும். காட்டுவதற்குப் பெயர் தெரிய வேண்டும். அதற்காகத்தான் கார் அனுமதி கேட்டுப் பெயர்களைப் பிரதி எடுத்துக்கொள்கிறது. பென் ட்ரைவ் வெறும் பாட்டுப் பெட்டி. அதில் பாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை, ஆகவே எடுக்கவும் ஒன்றும் இல்லை. போன் அப்படியல்ல. அது வீட்டு அலுமாரி. பாட்டு ஒரு தட்டில் இருக்கும், உறவு முழுக்க மற்றத் தட்டுகளில் இருக்கும். எங்கள் ஆட்களோ 'கனடா அண்ணா', 'பரந்தன் மாமி', 'லண்டன் தங்கச்சி சுமித்திரா' என்று முறையும் ஊரும் சேர்த்துப் பெயர் போட்டு வைக்கிறவர்கள். சாமிக்கு ஞானக்கண் எதற்கு? எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும். இராசேஸ்வரியின் போனில் அவர் வாசித்தது 'மீன் புனிதம்'. விடியப்புற அழைப்பு, நாள் தவறாமல்.

"வாங்கோ, போய்ச் சொல்லுவம்" என்றான் வின்சன்.

"நான் சொன்னா 'செய்வினைக்காரி சொல்லுறாள்' எண்டுவினம். சாமி சொன்னாத்தான் எங்கட சனம் நம்பும். அப்ப சாமியைக் கொண்டே சொல்லுவிப்பம்."

போகிற வழியில் லொறியை நிறுத்தி, மின்கம்பத்துச் சுவரொட்டியில் இருந்த பதிவு இலக்கத்தை அவள் தன்னுடைய போனில் சேமித்தாள். பெயர் போடும் இடத்தில் 'மூத்த மகன் சுவிஸ்' என்று போட்டாள். பிறகு அந்த இலக்கத்துக்கு எடுத்து, எத்தனை மணிக்கு வரவேண்டும், செருப்போடு வரலாமா, மாதா பாட்டுச் சரியா என்று பல தடவை விசாரித்தாள். கிருபன் சலிக்காமல் பதில் சொன்னான். நல்ல பிள்ளை.

புனிதத்துக்கு இருப்பது இரண்டும் பெட்டைப் பிள்ளைகள். பள்ளிக்கூட விடுமுறையில் தாயோடு லொறியில் வருகிறவர்கள். பரந்தன் ஒழுங்கைக்கே தெரியும்.

சனிக்கிழமை கூட்டம் காணியை நிறைத்தது. இராசேஸ்வரி செய்வினைக்குக் கழிப்புக் கழிப்பதற்காக முன்வரிசையில், தேனுகாவையும் இழுத்துக்கொண்டு நின்றாள். புனிதத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. செய்வினைக்காரிக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அது ஒரு வசதி.

புனிதம் போனை எடுத்து, இரண்டு கேள்விக்கும் ஓம் என்று அமத்தி, மாதா பாட்டைப் போட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் இந்தத் தடவை அமைதி நீளவில்லை.

"தாயே! உனக்கு மூத்தது ஆண்பிள்ளை."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. புனிதம் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லுங்கோ சாமி."

"கடல் தாண்டி இருக்கிறான். குளிர் தேசம். சுவிஸ்! நேற்று அவனோட நீ திரும்பத் திரும்பக் கதைச்சனி. பெத்த வயிறு பதைக்குது, எனக்குத் தெரியுது."

"ஐயோ ஓம் சாமி. அவனுக்கு என்ன பிடிச்சிருக்கு?"

சாமிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "கெட்ட சகவாசம்! ஒரு பெரிய ஏமாத்துக்காரன்ர கையிலை உன்ர பிள்ளை அம்பிட்டுக் கிடக்கிறான். அவன் சொல்லச் சொல்ல இவன் ஊரை ஏய்க்கிறான். உடனடியாக் கழிப்புக் கழிக்காட்டில் ரெண்டு பேரும் ஒண்டா மாட்டுவினம்!"

அவருடைய ஊழியத்திலேயே முழுக்க உண்மையாகப் பலித்த வாக்கு அது ஒன்றுதான்.

"சாமி, நீங்களே அவனோட ஒரு சொல்லுக் கதையுங்கோ" என்று புனிதம் அழைப்பை அமத்தினாள்.

காரோடு சேர்ந்த போனில் அழைப்பு எடுத்தால் சத்தம் காரின் ஸ்பீக்கரில்தான் வரும். அதுவும் ஓட்டுகிறவரின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு. மாதா பாட்டு நின்றது. மணி போகிற சத்தம் காணி முழுக்கக் கேட்டது. வானுக்குப் பக்கத்தில், தட்சணைத் தட்டோடு நின்ற கிருபனின் இடுப்பில் போன் அலறியது. அவன் பழக்கத்தில் எடுத்துக் காதில் வைத்தான்.

ஸ்பீக்கர் முழங்கியது: "வணக்கம், பாட்டுச் சாமி பீடம். பதிவுக்கோ? போனோட வாங்கோ, பென் ட்ரைவ் கொண்டு வராதேங்கோ!"

கிருபன் தன்னுடைய குரலைத் தானே கேட்டுத் திகைத்துப்போய், இன்னொரு தடவையும் "ஹலோ?" என்றான். அந்த ஹலோவும் முழங்கியது.

"மகனே!" என்றாள் புனிதம். "சுவிஸிலை குளிரோ?"

முதலில் சிரித்தது மூக்கன். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. "எடி புனிதத்துக்கு எங்காலை மகன்?" "மீசையோட பெத்தவளாக்கும்!" "சாமி, பேரனும் இருக்கோ எண்டு பாருங்கோ!"

சாமி கண்ணாடியை ஏற்றினார். புனிதம் போய்க் கதவைத் திறந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், காவித் திரைச்சீலைக்குப் பின்னால், சாமியின் முழங்காலுக்கு மேலே அகலமான திரை ஒன்று பளபளத்தது. அதில் 'மூத்த மகன் சுவிஸ்' என்ற பெயரும், அதற்குக் கீழே, ஊரெல்லாம் மின்கம்பத்தில் வாசித்துப் பாடமாக்கிய இலக்கமும் தெரிந்தன.

"தேனுகா, அம்மாவின்ர போனிலையும் புளூடூத் போட்டுத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, புனிதம் தன்னுடைய போனில் புளூடூத்தை நிறுத்தினாள். முன்பு ஒருமுறை சேர்ந்த போன் பக்கத்தில் நின்றால், கார் அதை மறுபடி தானாகவே தேடிப் பிடித்துக்கொள்ளும். பிடித்தது. திரையில் 'மீன் புனிதம்', 'மீன் புனிதம்', 'மீன் புனிதம்' என்று விடியப்புற அழைப்புகள் வரிசை கட்டின.

இராசேஸ்வரி கிட்டப் போய், கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் பார்த்தாள்.

"நான் எழுதி வச்சதையே எனக்கு வாசிச்சுக் காட்டினவரோ?"

"ஓம் அக்கா."

"அதுக்கோ நான் படலையைச் சாத்தினனான்?" அவளுக்குக் கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. கடைசியில் தேனுகாமேல் திரும்பினாள். "உன்னையெல்லோ படிக்க வச்சனான்! அந்தக் கேள்வியை வாசிச்சிருக்கக் கூடாதோ?"

"வாசிச்சுச் சொன்னனான். 'சாமி சொல்லேக்குள்ள நீ வாயைப் பொத்து' எண்டனீங்கள்."

இராசேஸ்வரி புனிதத்தின் கையைப் பிடித்தாள். புனிதம் அதை உதறவும் இல்லை, உடனே இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

"நாளைக்கு வாவன்" என்றாள் இராசேஸ்வரி, மெல்ல.

"வாறன். ஆனா விடியப்புறம் எடுக்க மாட்டன். நீங்கள் எடுங்கோ. ஒழுங்கையிலை எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் பெலத்துக் கதையுங்கோ."

தட்சணைத் தட்டு வந்த வழியே திரும்பியது. கிருபன்தான் முன்நின்று பகிர்ந்து கொடுத்தான். சாமி அவசரத் தியானம் ஒன்றுக்குப் போகவேண்டும் என்றார். சாவியைத் திருகியதும் ஜப்பான்காரி அட்டை கேட்டாள். இந்தத் தடவை யாரும் கும்பிடவில்லை.

யாரும் என்று சொன்னது பிழை. நெடுங்கேணியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெரியவர், நடந்ததையெல்லாம் முழுக்கப் பார்த்தவர், வானுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, இன்னும் என்னத்துக்கு?" என்று புனிதம் கேட்டாள்.

"சாமி கள்ளன்தான் பிள்ளை, விளங்குது. ஆனா வான் ஒரு பொய்யும் சொல்லேல்லையே!"

ஒரு விதத்தில் அவர் சொன்னது சரி. வான் பொய் சொல்லாது. பொய் சொல்லவும் மூளை வேண்டும், அது வானுக்கு இல்லை. சாமிக்கு இருந்தது, கூட்டத்துக்கும் இருந்தது. சாமி தன்னுடையதைப் பயன்படுத்தினார். அவ்வளவுதான் வித்தியாசம். வான்கூட உள்ளே வருவதற்கு முன்னால் இரண்டு தரம் அனுமதி கேட்டது. உங்களிடம் ஒருவர் எதைக் கேட்டாலும், அவர் காவி உடுத்தவரானாலும் கண்ணாடித் திரையானாலும், ஓம் என்று சொல்வதற்கு முன்னால் 'என்ன கேட்கிறாய்?' என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தட்சணை கிடையாது.